கீழே வீக்கம்... மேலே எக்ஸ்ரே!

இதை ஆபீஸில் வைத்துப் படிக்கிறவர்கள் பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். ஆட்சேபகரமாக ஒன்றுமில்லை. ஆனால் விஷயம் இடுப்புக்குக் கீழே. அந்த ஏரியாவை வைத்து நம் ஆண்கள் ஜோக் அடிப்பார்கள், கோபம் வந்தால் திட்டுவார்கள். டாக்டரிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

பல்வலி என்றால் பகிரங்கமாக லீவு லெட்டரில் எழுதுகிறோம். மூலம் என்றால்கூட ஜாடையாகச் சொல்லிவிடுகிறோம். 'விரையில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, ஒரு நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதின லெட்டரை எந்த மேனேஜராவது பார்த்திருக்கிறாரா? 'வைரல் ஃபீவர்' என்றுதான் வரும்.

கூச்சம் இருக்கட்டும். அந்தக் கட்டிக்கு வரக்கூடிய பல பெயர்களில் ரொம்ப அபூர்வமான ஒன்றைப் பற்றி இப்போது பார்ப்போம். அதன் பெயர் சார்காய்டோசிஸ்.

கிரேக்கத்து அயிட்டம்

பெயரைக் கேட்டால் கிரேக்க நாட்டு ஹோட்டல் அயிட்டம் மாதிரி இருக்கும். நிஜமாகவே கிரேக்கச் சொல்தான். 'சதை போன்றது' என்று அர்த்தம். 1877-ல் லண்டன் டாக்டர் ஜொனாதன் ஹட்சின்சன், தோலில் வந்த இனம் தெரியாத தடிப்புகளைப் பற்றி எழுதிவைத்தார். 1899-ல் நார்வே டாக்டர் சீசர் போக் அதே மாதிரித் தடிப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சார்கோமா என்ற சதைப் புற்றுநோய் போல இருக்கிறதே, ஆனால் அது இல்லையே என்று 'சார்காய்டு' எனப் பெயர் வைத்தார். ஆக, பெயர் வைக்கும்போதே ஆள்மாறாட்டக் கேஸ்!

நோய் என்ன செய்கிறது? நம் உடம்பில் காவல்காரச் செல்கள் இருக்கின்றன. டிபி கிருமி மாதிரி லேசில் சாகாத எதிரி உள்ளே வந்தால், இவை ஒன்றுகூடிச் சுற்றி வளைத்து ஒரு முடிச்சுப் போட்டுவிடும். அந்த முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். சார்காய்டோசிஸில் எதிரி யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் கூட்டம் மட்டும் கூடிவிடுகிறது. கலவரமே இல்லாத ஊரில் 144 போட்ட மாதிரி.

இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ, நெஞ்சுக்குள் உள்ள நிணநீர் முடிச்சுகளிலோ அது இருக்கும். கண், தோல், ஈரல் என்று வேறு இடங்களுக்கும் போகும். ஆண் உறுப்புகளுக்குப் போவது அபூர்வம். நோயாளிகளில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குக்கூட அது வெளியில் தெரிவதில்லை. ஆனால் இறந்தபின் பிரேதப் பரிசோதனை செய்து பார்த்ததில், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் அங்கேயும் முடிச்சுகள் இருந்திருக்கின்றன. வருவதே பெரும்பாலும் 20-லிருந்து 40 வயதுக்குள். அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடம்தான் அதிகமாகப் பதிவாகியிருக்கிறது.

'இவ்வளவு அபூர்வமான சமாச்சாரத்தை நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு ஏன் ஐயா எழுதுகிறீர்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நோய் உங்களுக்கு வரவே வராமல் போகலாம். ஆனால் இதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் போகிற பாதை இருக்கிறதே, அதே பாதையில்தான் புற்றுநோயும் பிடிபடுகிறது, டிபியும் பிடிபடுகிறது. பாதி வழியில் ஒரு பெயரை முடிவு கட்டினால், போகக்கூடாத ஓர் உறுப்பு போகலாம். அல்லது போகக்கூடாத ஓர் உயிர் போகலாம்.

கோட்டாற்றுத் தம்பி

உதாரணத்துக்கு ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். முழுக் கற்பனை. வயசு 31. கோட்டாற்றில் ஏதோ ஒரு பேங்கில் கிளார்க். தை மாதம் கல்யாணம். குளிக்கும்போது ஒரு நாள் வலது பக்கம் பட்டாணி சைஸில் ஏதோ தட்டுப்படுகிறது. வலி இல்லை. 'வலி இல்லையே, அப்ப ஒண்ணும் இருக்காது' என்று தம்பி சந்தோஷப்படுகிறார்.

இங்கேதான் முதல் கோளாறு. வலிக்கிற வீக்கம் பெரும்பாலும் கிருமித் தொற்று. வலிக்காத கெட்டியான கட்டியைத்தான் டாக்டர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து நடையில் வித்தியாசம். சீனியர் அண்ணாச்சி கேட்கிறார்:

"என்னவே, நடையே சரியில்லையே?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பைக்கு சீட்டு இடிச்சிட்டு."

"ஒரு மாசமாவா இடிக்கி?"

தம்பி ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். அடுத்த ஸ்டாப், பஸ் ஸ்டாண்டு சுவர் போஸ்டர். 'இளைஞர்களே, கவலையை விடுங்கள்! மாதம்தோறும் 5-ம் தேதி, லாட்ஜ் ரூம் நம்பர்...' வைத்தியர் நாடி பிடிக்கிறார். சின்ன வயசுத் தப்புதான் காரணம் என்கிறார். லேகிய டப்பா ஒன்றையும் பில் இல்லாத தொகை ஒன்றையும் பரிமாறிக்கொள்கிறார்கள்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். சார்காய்டோசிஸ் ஒழுக்கத்தோடு சம்பந்தப்பட்ட நோய் அல்ல. ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. புற்றுநோயும் அல்ல. சின்ன வயசுத் தப்பு எதுவும் இதற்குக் காரணம் அல்ல. லேகியத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆணா, பெண்ணா?

ஒருவழியாகத் தம்பி அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்கிறார். அண்ணாச்சி கையைப் பிடித்து சிறுநீரக சர்ஜனிடம் இழுத்துப் போகிறார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதுகிறார்.

ஸ்கேன் சென்டரில் உட்கார்வது இருக்கிறதே, அது தனி அனுபவம். சுற்றி எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த கர்ப்பிணிகள். எதிர்ச் சுவரில் போர்டு: 'கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று இங்கு சொல்லப்பட மாட்டாது.' பக்கத்தில் ஒரு பாட்டி பாசத்தோடு, "வீட்டுக்காரி உள்ள போயிருக்காளா மக்களே? எத்தனாவது மாசம்?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை.

உள்ளே நடப்பது ரொம்ப சாதாரணம். மேலே கொஞ்சம் ஜெல், ஒரு சின்னக் கருவி, பத்து இருபது நிமிடம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நம் காது அதிகபட்சம் நொடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். இந்தக் கருவி அனுப்புவது நொடிக்கு 70 லட்சத்துக்கும் மேல் அதிர்கிற ஒலி. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற மாதிரி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து மெஷின் படம் போடுகிறது. எதிரொலி நிறைய வந்தால் வெள்ளை. குறைவாக வந்தால் கறுப்பு.

நல்ல விரை, திரையில் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு எபிடிடிமிஸ் என்று ஒரு குழாய்ச் சுருள் இருக்கும். விரித்தால் 20 அடி நீளம்! விந்தணுக்கள் பக்குவப்படுவது அதற்குள்தான். சார்காய்டோசிஸ் இந்தப் பக்கம் வந்தால் பெரும்பாலும் முதலில் பிடிப்பது இந்தச் சுருளைத்தான்.

ஸ்கேன் முதலில் கேட்கும் கேள்வி: கட்டி விரைக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே எபிடிடிமிஸில் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை. உள்ளே கெட்டியாக ஒன்று இருந்தால், 'புற்றுநோய் இல்லை' என்று நிரூபிக்கும்வரை புற்றுநோய் என்றே டாக்டர்கள் நினைக்கவேண்டும். அதுதான் பாதுகாப்பான விதி.

இரண்டாவது கேள்வி: ஒன்றா, பலவா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? புற்றுநோய் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். சார்காய்டோசிஸோ இரண்டு பக்கமும் கறுப்புக் கறுப்பாகப் பல சின்னப் புள்ளிகளைக் காட்டும். எபிடிடிமிஸும் வீங்கியிருக்கும்.

'அப்படியானால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே?' முடியாது. ரத்தப் புற்றுநோயும், லிம்போமாவும் இதே மாதிரிப் புள்ளி வைக்கும். டிபியும் வைக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் வெள்ளையான விரைக்குள் கறுப்பு முடிச்சுகள் தெரியுமே தவிர, முடிச்சின் மேல் பெயர் எழுதியிருக்காது. ஸ்கேன் ஒரு நல்ல சாட்சி. 'இருட்டில் நாலு பேர் நின்றார்கள்' என்று சொல்லும். யார் யார் என்று சொல்லாது.

நெஞ்சில் என்ன இருக்கு?

இந்த இடத்தில்தான் டாக்டர் தம்பியைத் திகைக்க வைக்கிறார். "நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்கிறார். தம்பி அண்ணாச்சியைப் பார்க்கிறார். 'இவரு படிச்ச டாக்டர்தானா? கீழே வீக்கம்னா மேலே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுதாரே!'

ஆனால் அந்த ஒரு எக்ஸ்ரே மூன்று எதிரிகளையும் ஒரே நேரத்தில் விசாரிக்கிறது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தால் அதில் தெரியும். பழைய டிபி தழும்பு இருந்தால் தெரியும். சார்காய்டோசிஸ் என்றால், நுரையீரல்களின் வேர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வைத்த மாதிரி நிணநீர் முடிச்சுகள் சமமாகப் புடைத்துத் தெரியும். அங்கே கீழே இருக்கிற பட்டாணிக்கு, மேலே இருக்கிற உருளைக்கிழங்குதான் துப்பு!

வேறு துப்புகளும் உண்டு. முன்பு கேலியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசி மூலம் செலுத்திப் படம் எடுப்பார்கள். கண்ணீர்ச் சுரப்பியும் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியும் பளிச்சென்று தெரிந்து, முகம் பாண்டா கரடி மாதிரி இருக்கும். அதற்கு 'பாண்டா அடையாளம்' என்றே பெயர். இப்போது பெரும்பாலும் பெட் ஸ்கேன். ரத்தத்தில் ஏ.சி.இ. என்று ஒரு என்சைம் கூடியிருக்கலாம். எல்லோருக்கும் கூடாது. வேறு நோயிலும் கூடும். கால்சியம் அதிகமாகலாம். ஏனென்றால் அந்த முடிச்சுகள் தாமாகவே வைட்டமின் டியை வீரியமாக்கிவிடுகின்றன. அதனால் இந்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கால்சியம், வைட்டமின் டி மாத்திரை போடக்கூடாது. சிலருக்குக் கண் சிவந்து வலிக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கி, முழங்காலுக்குக் கீழே சிவப்பாக வலிக்கும் தடிப்புகள் வரும். கண்ணுக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர் என்று போகிறவர்கள், இதையெல்லாம் ஒரே டாக்டரிடம் சொல்வதில்லை. துப்பு சிதறிவிடுகிறது.

ஆசாரிப்பள்ளத்துப் பக்கத்து வீட்டுக்காரன்

நம் நாட்டில் சார்காய்டோசிஸுக்கு இரட்டைப் பிறவி மாதிரி ஒருத்தன் இருக்கிறான். அவன்தான் டிபி. உலகத்து டிபி நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில். அதனால் நுரையீரலில் முடிச்சு, விரையில் முடிச்சு என்றதுமே நம் மனசு டிபி என்று சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு டிபியின் முகவரி தெரியும். ஆசாரிப்பள்ளம். இன்றைக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அந்த வளாகம், முன்பு டிபி ஆஸ்பத்திரி. அங்கே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று பழைய ஆட்கள் பயந்த காலம் உண்டு. அந்தப் பயத்தை உடைத்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1956-ல் அங்கே தொடங்கிய டிபி மருந்து ஆராய்ச்சி மையம், வீட்டிலேயே மருந்து சாப்பிடுகிறவரும் சானடோரியத்தில் படுத்து மருந்து சாப்பிடுகிறவரும் ஒரே மாதிரிதான் குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. மாத்திரைதான் முக்கியம், மலைக்காற்று அல்ல என்று புரிந்தது.

இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்? சார்காய்டோசிஸ்காரருக்கு டிபி மருந்து கொடுத்தால் ஆறு மாதம் வீண். பக்கவிளைவு மிச்சம். டிபிக்காரருக்கு சார்காய்டோசிஸ் என்று ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தாலோ விபரீதம். ஸ்டீராய்டு காவல்காரனின் கையைக் கட்டிப்போடும் மருந்து. கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

யுவராஜ் சொல்லும் பாடம்

'எக்ஸ்ரேயில் உருளைக்கிழங்கு தெரிந்தாச்சு. சார்காய்டோசிஸ்தான். கேஸ் முடிஞ்சது!' என்று நீங்கள் எழுந்திருக்கலாம். உட்காருங்கள்.

2011 உலகக் கோப்பையில் தொடர் நாயகனாக வந்த யுவராஜ் சிங்குக்கு, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் ஒரு கட்டி இருந்தது. அது செமினோமா. சாதாரணமாக விரையில் வருகிற புற்றுநோய் வகை. நாம் கருவாக உருவாகும்போது வழி தவறி நெஞ்சில் தங்கிவிட்ட வித்துச் செல்களிலிருந்து சில சமயம் இப்படி வரும். அமெரிக்காவில் சிகிச்சை பெற்று 2012 ஏப்ரலில் நாடு திரும்பினார். மறுபடி இந்தியாவுக்காக ஆடவும் செய்தார்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை நேர்மாறு. விரையில் இருந்த வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டு, 1996-ல் 25 வயதில் கண்டுபிடித்தபோது நுரையீரல், மூளைவரை பரவியிருந்தது. அந்த நிலையிலும் சிகிச்சையில் பிழைத்தார். பிற்பாடு ஊக்க மருந்து விவகாரத்தில் 2012-ல் பட்டங்கள் பறிபோனது வேறு கதை. பட்டம் போயிற்று, உயிர் மிஞ்சிற்று.

நெஞ்சில் தெரிவது புற்றுநோய் பரவியதாகவும் இருக்கலாம், சார்காய்டோசிஸாகவும் இருக்கலாம். இன்னொரு சிக்கல். விரைப் புற்றுநோய் உள்ள சிலருக்கு சார்காய்டோசிஸும் சேர்ந்தே இருந்திருக்கிறது. அப்போது, நெஞ்சில் சார்காய்டு என்பதால் கீழே இருப்பதும் அதுதான் என்று விட்டுவிட்டாலும் தப்பு. கீழே புற்றுநோய் என்பதால் நெஞ்சில் இருப்பதும் பரவியதுதான் என்று கடுமையான மருந்தைக் கொடுத்தாலும் தப்பு. ரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். என்ற மூன்று அளவுகளைப் பார்ப்பார்கள். கூடியிருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். நார்மல் என்பதாலேயே தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. செமினோமா பல சமயம் சத்தமில்லாமல் இருக்கும்.

டேலி ஆகணும் சார்

கடைசித் தீர்ப்பு மைக்ராஸ்கோப்பின் கையில். ஒரு துணுக்குச் சதை வேண்டும். நெஞ்சு முடிச்சிலிருந்து, மூச்சுக்குழாய் வழியாகக் கருவி விட்டு எடுக்கலாம். விரையிலேயே பார்க்கவேண்டும் என்றால், விரைப்பையில் நேரே ஊசி குத்துவதில்லை. புற்றுநோயாக இருந்தால் செல்கள் சிதறிவிடும் என்ற பயம். இடுப்பு மடிப்பில் திறந்து, விரையை மேலே எடுத்து, ஒரு துணுக்கை வெட்டி உடனே லேபுக்கு அனுப்புவார்கள். அங்கே உறையவைத்துச் சீவி அந்த நேரத்திலேயே பார்ப்பார்கள். நோயாளி மேஜையில் மயக்கத்தில் இருக்கும்போதே, லேபிலிருந்து 'புற்றுநோய் இல்லை, கிரானுலோமா' என்று தகவல் வந்தால், விரை பத்திரமாகத் தன் இடத்துக்கே திரும்பிப் போகும். அந்தச் சில நிமிடங்களில் ஒரு மனுஷனுடைய உறுப்பின் தலையெழுத்து முடிவாகிறது. உறுதியாகச் சொல்ல முடியாத சமயத்தில் எடுத்துவிட நேர்வதும் உண்டு. உயிரா, உறுப்பா என்றால் சர்ஜன் உயிர்ப் பக்கம்தான் நிற்பார்.

மைக்ராஸ்கோப்பில் டிபி முடிச்சின் நடுப்பகுதி செத்துப்போய்ப் பாலாடைக்கட்டி மாதிரி குழைந்திருக்கும். சார்காய்டு முடிச்சு சாதாரணமாக அப்படிக் குழையாது. கெட்டியாக, தனித்தனியாக இருக்கும். ஆனாலும் டிபி கிருமிக்கான சாயம் போட்டும், ஜீன் சோதனை செய்தும், 'கிருமி இல்லை' என்று உறுதி செய்வார்கள். கையில் போடும் மாண்டூ ஊசி, டிபி மலிந்த நம் ஊரில்கூட சார்காய்டோசிஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் தடிக்காது. அதுவும் ஒரு துப்பு.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது டிரையல் பேலன்ஸ் மாதிரித்தான் தோன்றுகிறது. அறிகுறிகளும் படங்களும் ஒத்துப்போக வேண்டும். சதையில் குழையாத முடிச்சு இருக்கவேண்டும். டிபி, பூஞ்சை, புற்றுநோய் எல்லாம் இல்லை என்று அடித்துவிட வேண்டும். மூன்றும் டேலி ஆனால்தான் சார்காய்டோசிஸ். டேலி ஆகவில்லை என்றால் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் போட்டு மூடக்கூடாது. மறுபடி தேடவேண்டும்.

தை மாசக் கல்யாணம்?

கற்பனைத் தம்பிக்கு டேலி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி என்ன?

பலருக்கு இந்த நோய் தானாகவே அடங்கும். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மாத்திரை. டாக்டர் சொல்லாமல் அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கண்ணையும் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். கட்டி சுருங்குகிறதா என்று ஸ்கேனில் தொடர்ந்து பார்க்கவேண்டும். சுருங்கவில்லை என்றால் பழைய தீர்ப்பை மறுபடி விசாரிக்க வேண்டும்.

கல்யாணத்துக்குத் தடை இல்லை. ஆனால் 20 அடிக் குழாயில் முடிச்சுகள் அடைத்தால் விந்தணு வெளிவருவது குறையலாம். சிலருக்கு ஸ்டீராய்டுக்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறது. எல்லோருக்கும் கூடும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆபரேஷனுக்கும் சிகிச்சைக்கும் முன்பே விந்தணுப் பரிசோதனை செய்து, உறையவைத்துச் சேமிப்பதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. பொண்ணு வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். மறைத்துக் கட்டிய தாலிக்கு எந்த ஸ்கேனும் உதவாது.

சொந்தக்காரர் செய்யவேண்டியது

மாதம் ஒரு தடவை, வெந்நீரில் குளித்த பிறகு, ஒவ்வொரு விரையையும் இரண்டு கையாலும் மெதுவாக உருட்டிப் பாருங்கள். பின்னால் கயிறு மாதிரித் தட்டுப்படுவது எபிடிடிமிஸ். பயப்பட வேண்டாம். புதிதாகக் கட்டி, கனம், ஒரு பக்கம் வீக்கம் என்றால் சிறுநீரக சர்ஜனிடமோ பொது சர்ஜனிடமோ போங்கள்.

திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி என்றால் காலைவரை காத்திருக்க வேண்டாம். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோ பிடியுங்கள்.

ஓதம் என்று சொல்லப்படும் நீர்வீக்கத்தையும் 'வயசானா வாறதுதான்' என்று விடாமல் காட்டிவிடுங்கள். நீருக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். விரைப் புற்றுநோயே என்றாலும், ஆரம்பத்தில் பிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். புற்றுநோய்களிலேயே இவ்வளவு நல்ல பாஸ் மார்க் வாங்குவது ரொம்பச் சிலதான்.

எங்கள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் என்று ஒரு வெள்ளைக்கார சர்ஜன் இருந்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். லண்டனில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். இங்கே வந்து பல வருஷம் கத்தி பிடித்தார். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, நடந்து, தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள் நம் ஜனங்கள். இன்றைக்கு ஸ்கேன் சென்டர் தெருவுக்குத் தெரு இருக்கிறது. மிச்சம் இருக்கிற தூரம், நம் வாய்க்கும் டாக்டரின் காதுக்கும் நடுவில் உள்ள மூன்று அடிதான்.